பாட்ஸ் பெட்டி

ஓடுறது ஒரு பழைய ஹொண்டா சி50 பைக். கட்டிலுக்குக் கீழ சேர்த்து வெச்சிருக்கிற பாட்ஸ் சாமானுக்கு இன்னும் ரெண்டு பைக் பூட்டலாம். "இஞ்சாருங்க, பழைய இரும்புக்காரன் வாறான், எடுத்துக் குடுங்க" எண்டு மனுசி நிக்கிறா. குடுப்பனா?

2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதிய நிப்பாட்டின மறுகாதான் கனபேர் பழசத் தூசி தட்டினவங்க. பொயின்ட்ஸுக்கும் (பிளக்குல நெருப்புப் பொறி வர கரண்ட வெட்டி விடுற சாமான்) 6 வோல்ட் பல்ப்புக்கும் அப்பதான் மவுசு.

ஆனா எல்லாத்தையும் சேர்க்கேலாது. ஒயில் சீல் பாவிக்காம வெச்சாலும் ரப்பர் இறுகி வெடிச்சிரும். பொயின்ட்ஸோட சேர்ந்து வேல செய்யிற கண்டென்சரும் பழசெண்டா நம்பேலாது, அது பழுதானா பொயின்ட்ஸ் கருகும். கல்லடிக் கடக்கர உப்புக்காத்துக்கு இரும்புச் சாமான் கிறீஸ் பூசிச் சுத்தி வெச்சாத்தான் தப்பும். பிஸ்டன் வாங்கிறவங்க பிஸ்டன்ட தலையில எத்தின மில்லிமீட்டர் பெரிசெண்டு அடிச்சிருக்கிற 0.25, 0.50 இலக்கத்தப் பாருங்க. சிலிண்டர் போர் பண்ணின (உள்ளுக்க கடைஞ்சு பெரிசாக்கின) அளவோட பொருந்தாட்டி, எவ்வளவு புதுசா மினுங்கினாலும் அது மேசையில பேப்பர் பறக்காம வைக்கத்தான்.

ஆரையம்பதி, களுவாஞ்சிகுடிப் பக்கம் ஆரிட்டயும் சி50க்கு இடது சைட் கவர் கிடந்தா இன்பொக்ஸ் வாங்க. மாத்துக்குக் காபரேட்டர் தாறன். காசெண்டா மனுசிக்குத் தெரிஞ்சிரும்.