ஐடி வந்துடுச்சு, டேட்டா வரல

மீன்பிடி தடைக்காலம் 61 நாள் முடிஞ்சு லாஞ்சுங்க (விசைப்படகுங்க) மீனோட கரைக்கு வந்த முதல் நாளே இப்படி ஆச்சு. கடலூர் முதுநகர் துறைமுகத்துல ஒரு மீன் கமிஷன் கடைக்கு பில் போடற சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்திருந்தேன். எழுதினது பைத்தான்ல, டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், ரெண்டுக்கும் நடுவுல பேசற லைப்ரரி எஸ்க்யூஎல்ஆல்கெமி. டேபிள், செட்டப் எல்லாம் சுலபமா முடிஞ்சுது.

காலைல கணக்குப்பிள்ளை அண்ணன் போன் பண்ணாரு, "தம்பி, சீட்டு கையில இருக்கு, கம்ப்யூட்டர்ல ஒண்ணத்தையும் காணோம்." மஞ்சக்குப்பத்துலேர்ந்து வண்டிய எடுத்துட்டு ஓடினேன். மேஜை மேல ஐஸ் தண்ணில நனைஞ்ச சீட்டுக்கட்டு, 1141லேர்ந்து 1223 வரைக்கும், மொத்தம் 83 பில்லு. டேட்டாபேஸ தொறந்து பாக்கற பிஜிஅட்மின்ல பாத்தா கடைசி பில் 1140. வயிறு கலங்கிடுச்சு.

சும்மா ஒரு டெஸ்ட் பில் போட்டேன், நம்பர் 1224னு வருது. அப்பதான் பிடிபட்டுச்சு. ரோல்பேக் ஆனா, அதாவது சேவ் ஆகாத வேலைய டேட்டாபேஸ் ரத்து பண்ணிட்டா, ரோ (பில்லோட வரி) போயிடும், ஆனா நம்பர் குடுக்கற போஸ்ட்கிரெஸ் சீக்வென்ஸ் பின்னாடி போகாது. அதாவது 83 பில்லும் டேட்டாபேஸ் வரைக்கும் போயிட்டுத்தான் திரும்பியிருக்கு. நான் சீட்டு நம்பருக்காக ஒவ்வொரு பில்லுக்கும் ஃப்ளஷ் மட்டும் பண்ணிட்டு, கமிட்ட (நிரந்தரமா சேவ் பண்றத) கடை மூடறப்ப வெச்சிருந்தேன். ஃப்ளஷ் இன்செர்ட்ட அனுப்பி ஐடிய (பில் நம்பர) வாங்கிக் குடுத்துடும், டிரான்ஸாக்‌ஷன் மட்டும், அதாவது ஒண்ணா சேவ் ஆகவோ ரத்தாகவோ வேண்டிய கட்டு, கமிட் வரைக்கும் தொறந்தே கெடக்கும். தயவுசெஞ்சு ஐடி வந்துடுச்சேன்னு சேவ் ஆயிடுச்சுன்னு நம்பாதீங்க.

ஏன் ரோல்பேக் ஆச்சுன்னு தேடறதுக்குத்தான் ஒரு மணி நேரம் வீணாப் போச்சு, ஏன்னா லாக்ல எரர் மீன் ரேட் எடுக்கற க்வெரி லைன காட்டுது, நான் ரேட் டேபிளையே கொடஞ்சிட்டிருந்தேன். உண்மையில அதுக்கு முன்னாடி ஒரு லாஞ்சு புதுசா ஆட் பண்ணியிருக்காங்க, ஏற்கெனவே இருக்கற பதிவு நம்பர்ல. அது டேட்டாபேஸுக்குப் போகாம பெண்டிங்ல நின்னுச்சு, அடுத்து வந்த க்வெரி ஆட்டோஃப்ளஷ்ஷ (க்வெரிக்கு முன்னாடி பெண்டிங்க தானா அனுப்பறது) கெளப்புச்சு, ஒரே நம்பர் ரெண்டு தடவ வரக்கூடாதுங்கற யூனிக் கன்ஸ்ட்ரெயிண்ட் இடிச்சுது, அந்த நொடியே காலைலேர்ந்து போட்ட எல்லாம் போச்சு. எரர்லயே ஆட்டோஃப்ளஷ்னு எழுதியிருக்கும், அத மொதல்ல படிங்க. சந்தேகம் வந்தா செஷன்ல (எஸ்க்யூஎல்ஆல்கெமி வேலைய வெச்சிருக்கற எடம்) அனுப்பாம நிக்கறத காட்டற செஷன்.நியூ (புதுசு), செஷன்.டர்ட்டி (மாத்தினது) ரெண்டையும் பிரிண்ட் போட்டுப் பாருங்க. அப்பறம் எரர் வந்த செஷன்ல ரோல்பேக் கூப்பிடாம எந்த பட்டன அழுத்தினாலும் பெண்டிங் ரோல்பேக் எரர்தான் வரும், பாவம் அண்ணன் அதப் பாத்துதான் சாஃப்ட்வேர மூடித் தொறந்திருக்காரு.

அங்கயே உக்காந்து மாத்தினேன். ஒரு பில்லுக்கு ஒரு டிரான்ஸாக்‌ஷன், கமிட் ஆனப்பறம்தான் பிரிண்டர் ஓடும், எக்செப்ஷன் வந்தா உடனே ரோல்பேக். எக்செல்லேர்ந்து மொத்தமா ஏத்தற எடத்துல மட்டும் பிகின் நெஸ்டட் (பெரிய டிரான்ஸாக்‌ஷனுக்குள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு சேவ்பாயிண்ட் போடறது), ஒரு வரி தப்பானா அந்த சேவ்பாயிண்ட்டுக்குள்ள இருக்கறது மட்டும் போகும்.

அப்பறம் அண்ணன் ஒவ்வொரு சீட்டா படிக்க நான் 83 பில்லையும் திரும்பப் போட்டேன். மத்தியானம் மூணு மணிக்கு நோட்டு கணக்கும் கம்ப்யூட்டர் கணக்கும் பைசா சுத்தமா ஒத்துப்போச்சு. அண்ணன் அதுக்கப்பறம்தான் சாப்பிடவே போனாரு.