அத்தான் வண்டியில் ஒரு கிளிப்

அத்தான் புது கார் எடுத்திருக்கிறார். ஆறு ஏர்பேக். பெல்ட் மாட்டாமல் கிளம்பினால் பீப் பீப் என்று கத்தும். அதன் வாயை அடைக்க, பெல்ட் சொருகும் இடத்தில் வெறும் கிளிப் ஒன்றைச் சொருகி வைத்திருக்கிறார். பெல்ட் மாட்டியாச்சு என்று வண்டி நம்பிவிடும். இந்த மாதிரி கிளிப்புகளை இணையத்தில் விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-லேயே உத்தரவு போட்டது. அத்தானுக்கு எங்கிருந்தோ கிடைத்துவிட்டது.

"ஏர்பேக்தான் ஆறு இருக்குல்லா மாப்ள, பெறகு என்ன? இந்தச் சத்தத்தக் கேட்டுக்கிட்டு நாரோயில் வரைக்கும் எவன் ஓட்டுவான்?"

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறவனிடம் கேட்கலாமா இதை? நான்குநேரி டோல்கேட் வருவதற்குள் கணக்கைப் போட்டுக் காட்டினேன்.

60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். எதிலாவது மோதினால் பானெட் மடங்கும், பெல்ட்டும் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும். ஆக, உடம்பு 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். 70 கிலோ ஆள் மேல் விழும் சராசரி விசை சுமார் 1,650 கிலோ எடைக்குச் சமம். விலா எலும்பு உடையலாம். ஆனால் பிழைக்க வழி உண்டு. பெல்ட் இல்லாவிட்டால் வண்டி மட்டும் மடங்கி நின்றுவிடும், ஆள் அதே 60-ல் போய்க்கொண்டிருப்பார். ஸ்டியரிங்கில் இடித்து 5 சென்டிமீட்டருக்குள் நிற்கிறார் என்றால் அதே கணக்கு ஏறக்குறைய 20 டன். ஏர்பேக் கண் இமைப்பதற்குள் வெடித்து விரிவது. பெல்ட் பிடித்து வைத்திருக்கிற உடம்புக்குத் துணையாகத்தான் அது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்கிறவர் முகத்தில் அதுவே அறையும்.

"அந்தக் காலத்து அம்பாசடர்னா இரும்பு. இப்ப உள்ளதெல்லாம் அப்பளமால்லா நொறுங்குது" என்றார்.

நொறுங்கட்டும் அத்தான், அதற்குத்தான் செய்திருக்கிறான். 2009-ல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு 1959 மாடல் செவர்லே பெல் ஏர் ஒன்றையும் 2009 மாடல் மாலிபு ஒன்றையும் நேருக்கு நேர் மோதவிட்டது. பழைய வண்டியில் ஓட்டுநர் இடமே நசுங்கிப்போனது. புது வண்டியின் மூக்கு போனது, உள்ளே ஆளுக்குப் பதிலாக உட்கார வைத்த பொம்மைக்குக் காலில் லேசான அடிதான்.

பெல்ட்டும் காப்பாற்றாத இடம் ஒன்று இந்த ரோட்டில் உண்டு. மூன்றடைப்பு தாண்டி ராத்திரியில் போனால் லைட் போடாமல் ஓரமாக நிற்கும் லாரியைப் பார்க்கலாம். கார் அதன் பின்னால் போய்ச் சொருகினால் பானெட் அடிக்குள் போய்விடும், மடங்க வேண்டிய பாகத்தில் எதுவும் படாது, லாரியின் தட்டு நேராகக் கண்ணாடிக்கு வரும். லாரிக்குப் பின்னால் தாழ்வாக இரும்புத் தடுப்பு இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். 100-ல் போகிறவர் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி, அதிலேயே 28 மீட்டர் போச்சு. அப்புறம் காய்ந்த ரோட்டில் நிற்க இன்னும் 56 மீட்டர் வேண்டும். டிம் லைட்டில் தெரிவதோ சுமார் 50 மீட்டர். இதற்கு மட்டும் அத்தான் ஒன்றும் சொல்லவில்லை, 80-க்கு இறங்கினார்.

வள்ளியூரில் டீ குடிக்க நிறுத்தியபோது கிளிப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். சரி, பின் சீட்? பெல்ட் மாட்டாமல் பின்னால் இருப்பவர் முன்சீட்டுக்காரர் முதுகில்தான் வந்து விழுவார். அக்கா தேடிப் பார்த்தாள். பெல்ட் தொங்குகிறது, சொருகும் கொக்கியைக் காணோம். புது சீட் கவருக்கு அடியில் வைத்துத் தைத்துவிட்டார்கள்.

"நாலாயிரம் ரூவா கவருல, அதக் கிழிக்கச் சொல்லுதியா?" என்கிறார் அத்தான். ஞாயிற்றுக்கிழமை பிளேடோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.