வேகன் ஆர் ஹெட்லைட்டை வீட்டிலேயே சரிசெய்த அனுபவம்

போன தை மாதம் திருவண்ணாமலையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு, இரவு பத்து மணிக்கு மேல் சென்னைக்குக் கிளம்பினோம். கீழ்பென்னாத்தூர் தாண்டி செஞ்சிக்குப் போகும் ரோடு. எதிரே வந்த லாரியின் வெளிச்சம் கண்ணில் அடித்து, அது கடந்து போன அடுத்த நொடியில் எனக்கு முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் சிவப்பு விளக்கு இல்லை, ஒளி பட்டால் மின்னும் ஸ்டிக்கரும் இல்லை. பிரேக்கை அழுத்தி வண்டி நின்றபோது, தொங்கிக்கொண்டிருந்த கரும்புத் தோகைக்கும் என் பானட்டுக்கும் நடுவே நாலடி கூட இருந்திருக்காது. பின் சீட்டில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மனைவி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "என்னங்க, நம்ம லைட்டு எரியுதா இல்லையா?" என்றாள்.

இறங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ரோட்டில் விழுந்தது வெளிச்சம் என்று சொல்லும்படி இல்லை. மங்கலான மஞ்சள் கறைதான் தெரிந்தது.

வண்டி 2012 மாடல் வேகன் ஆர். நான் இரண்டாவது கை. ஊர் திரும்பியதும் முதலில் செய்தது தப்பான வேலை. அதையும் எழுதிவிடுகிறேன், இன்னொருவர் அதே பணத்தை விட வேண்டாம் என்பதற்காக. ஒரு அக்சஸரீஸ் கடையில், ஏற்கனவே இருக்கும் ஹெட்லைட்டுக்குள்ளேயே மாட்டும் எல்ஈடி பல்பு ஒரு ஜோடி வாங்கி மாட்டினேன். பல்பின் பின்னால் ஒரு குட்டி விசிறி துருத்திக்கொண்டு நிற்கும். அதனால் ஹெட்லைட்டின் பின்பக்க ரப்பர் மூடி உட்காரவில்லை. கடையில் அந்த ரப்பரை வெட்டிவிடச் சொன்னார்கள். நல்ல வேளை, நான் வெட்டவில்லை. அந்த மூடிதான் மழைத் தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் தடுப்பது.

முதல் நாள் இரவு பார்த்தபோது வண்டி மூக்குக்கு முன்னால் வெள்ளை வெளேரென்று இருந்தது. சந்தோஷமாக ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ரவுண்டு போனேன். எதிரே வந்தவர்களில் பாதிப் பேர் எனக்கு லைட் அடித்துக் காட்டினார்கள். டிம்மில்தான் போகிறேன், ஏன் என்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு மேல்விளிம்பே இல்லை. சுவர், மரம், மாடி ஜன்னல் என்று எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தது.

பழைய பல்பைக் கையில் வைத்துப் பார்த்தால் இது எளிதாக விளங்கும். நம் ஊர் சின்னக் கார்கள் பலவற்றில் இருப்பது எச்-4 பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள், ஹை பீமுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழைக்குக் கீழே தொன்னை மாதிரி ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அது கீழ்ப்பக்கம் போகும் ஒளியை மறைத்துவிடும். பல்பைச் சுற்றிக் கிண்ணம் மாதிரி இருக்கும் ரிஃப்ளெக்டரின் மேல் பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பி ரோட்டில் விழும். அந்தத் தகட்டின் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்வாக இருக்கும். அதனால்தான் டிம் வெளிச்சம் வலது பக்கம், அதாவது எதிரே வருபவர் பக்கம், தாழ்ந்து நேராக வெட்டுப்பட்டும், இடது ஓரத்தில் கொஞ்சம் மேலேறியும் விழுகிறது. ஓரத்தில் நடந்து போகிறவரும் சைக்கிள்காரரும் அந்த ஏறுமுகத்தில்தான் தெரிவார்கள். மொத்த ஹெட்லைட்டும் அந்த மெல்லிய இழை இருக்கும் இடத்தைக் கணக்கில் வைத்துச் செய்தது. அந்த இடத்தில் தடித்த பட்டையில் ஒட்டிய எல்ஈடியை வைத்தால் கணக்கு கெட்டுப்போகிறது. நாலாவது நாள் கழற்றிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய், "அண்ணே, நல்ல பல்பா ஒண்ணு சொல்லுங்க" என்றேன். அவர் பல்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பல்ப மாத்துறது அப்புறம் சார். மொதல்ல பல்புக்கு எவ்வளவு வோல்ட்டு வருதுன்னு பாருங்க. பல்பு எரியும்போதே பாக்கணும், ஹோல்டரக் கழட்டிட்டுப் பாத்தா தெரியாது" என்றார். இந்த மொத்த வேலைக்கும் அந்த ஒரு பேச்சுதான் திறவுகோல்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. வயரில் கரண்ட் ஓடும்போதுதான் வோல்ட்டேஜ் வழியில் இறங்கும். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மட்டும் மீட்டரை வைத்தால் முழு வோல்ட்டும் காட்டி ஏமாற்றும். எஞ்சினை ஓடவிட்டு, டிம்மைப் போட்டு, ஹோல்டரின் பின்பக்கம் வழியாக மீட்டர் ஊசியை நுழைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 13.9 வோல்ட். வலது பல்பில் 11.8. இடது பல்பில் 11.6. இரண்டு வோல்ட்டுக்கு மேல் வயரிலும் ஸ்விட்சிலும் போய்க்கொண்டிருந்தது.

இரண்டு வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் மளமளவென்று இறங்கும். எச்-4 பல்பு 13.2 வோல்ட்டில் டிம்மில் சுமார் 1000 லூமன் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தரும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் முப்பது சதவீதம் குறைந்துவிடும். என் வண்டியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் பல்பை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே காணாமல் போயிருந்தது.

பழைய பல்புகளையும் ஹோல்டர்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பல்பின் அடியில் 100/90 வாட் என்று பொறித்திருந்தது. முன்னால் வைத்திருந்தவர் போட்டது. கம்பெனி வயர் தாங்குவது 55 வாட்டை. அதில் 90 வாட் ஓட்டினால் ஒரு பல்புக்கே ஏழரை ஆம்பியர் இழுக்கும். ஹோல்டரின் வெள்ளை பிளாஸ்டிக் தீய்ந்த தோசை ஓரம் மாதிரி பழுப்பேறி, ஒரு துவாரம் இளகிச் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்த பித்தளை நாக்கு கறுத்துப்போய், விரலால் தொட்டாலே ஆடியது. வெளிச்சம் வேண்டும் என்று போட்ட பல்பே வெளிச்சத்தைத் தின்றிருக்கிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் புகையே வந்திருக்கும்.

சரி, மூன்று வேலை என்று முடிவு செய்தேன்: வயரிங், கண்ணாடி, கோணம்.

சென்னையில் கார் சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் போய் பீங்கான் ஹோல்டர் வைத்த ரிலே வயரிங் செட் ஒன்று 1,150 ரூபாய்க்கும், சாதாரண 60/55 வாட் பல்பு ஜோடி 340 ரூபாய்க்கும் வாங்கினேன். வாங்குவதற்கு முன் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில வண்டிகளில் ஹெட்லைட் ஸ்விட்ச் ப்ளஸ் பக்கத்தை வெட்டும், சில வண்டிகளில் எர்த் பக்கத்தை வெட்டும். ஹோல்டரின் மூன்று துவாரத்தில் எதில் என்ன வருகிறது என்று மீட்டரில் பார்த்துக் குறித்துக்கொண்டு போனால், கடைக்காரர் அதற்கேற்ற செட்டை எடுத்துக் கொடுப்பார்.

ரிலே என்பது கரண்டால் இயங்கும் ஒரு ஸ்விட்ச். அது செய்வது இவ்வளவுதான். பல்புக்கான கரண்ட் இனி ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வராது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் நேராகப் பல்புக்குப் போகும். பழைய வயர் ரிலேயைத் தட்டி எழுப்பும் வேலையை மட்டும் பார்க்கும். ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 85, 86 ரிலேயைத் தட்டி எழுப்பும் கம்பிச்சுருளின் இரண்டு முனைகள், 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பல்புக்குப் போவது. பேட்டரியின் மைனஸ் முனையை முதலில் கழற்றிவிட்டுத்தான் எதையும் தொட்டேன். ஃபியூஸை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். தள்ளி வைத்தால், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் இருந்தும் பயனில்லை. வயரை ரேடியேட்டர் விசிறிக்கு எட்டாத வழியில் கொண்டுபோய், சுருள் குழாய்க்குள் விட்டு, டேக் போட்டுக் கட்டினேன்.

பல்பு மாட்டுவதில் சிரமம் பேட்டரி இருக்கும் பக்கம்தான். கை மணிக்கட்டு வரைதான் போகும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பல்பைப் பிடித்திருக்கும் கம்பி கிளிப் மூன்று முறை நழுவியது. கடைசியில் பையன் மொபைலின் செல்ஃபி கேமராவை இடுக்கில் பிடித்துக்கொள்ள, அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே மாட்டினேன். "அப்பா, கொஞ்சம் மேல... ஆங், இப்ப உக்காந்திருச்சு" என்று அவன்தான் வழி சொன்னான். பல்பின் மூன்று காதுகளும் ஒரே ஒரு விதத்தில்தான் பள்ளத்தில் உட்காரும். உட்காராமல் கிளிப்பை அமுக்கினால் டிம் வெளிச்சம் கோணலாகிவிடும். பல்பின் கண்ணாடியை வெறும் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் மட்டும் அதிகம் சூடாகி, பல்பு சீக்கிரம் போய்விடும். தப்பித் தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட்டில் துடைத்துவிடுங்கள்.

மைனஸ் முனையை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு, மறுபடி மீட்டரை வைத்தேன். இரண்டு பக்கமும் 13.4.

அடுத்தது கண்ணாடி. கண்ணாடி என்று சொல்கிறோமே தவிர அது பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே வெயிலைத் தாங்கும் ஒரு மெல்லிய பூச்சு இருக்கும். நம் ஊர் வெயிலில் அந்தப் பூச்சு செத்துப்போய்த்தான் மஞ்சளாகிறது. என் வண்டியில் கூடுதலாக, முகப்பின் நடுவில் எப்போதோ ஒட்டி உரிந்த கறுப்பு வட்ட ஸ்டிக்கரின் பசையும் இருந்தது. எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க டிராஃபிக் போலீஸ் ஒட்டிவிடுவார்களே, அது.

டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் போகும் என்பார்கள். போகும், சில வாரம்தான். முழுதாகச் செய்ய வேண்டுமென்றால் பூச்சை மொத்தமாக எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சுற்றியுள்ள பெயின்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், எண் ஏற ஏற நைசாக இருக்கும்) 800, 1500, 2000 என்று வரிசையாகத் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். 800-இல் தேய்க்கும்போது வழிகிற தண்ணீர் மஞ்சளாக, கெட்டி மோர் மாதிரி வரும். அது வெள்ளையாக மாறும் வரை நிறுத்தக் கூடாது. இந்தக் கட்டத்தில் ஹெட்லைட் முழுக்கப் பால் படிந்தது போல் ஆகிவிடும், எனக்கே வயிற்றைக் கலக்கியது. மனைவி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ வைத்துவிட்டுப் போனாள். 2000 முடிந்து ரப்பிங் காம்பவுண்டு போட்டுத் துணியால் தேய்க்கத் தேய்க்க, உள்ளே ரிஃப்ளெக்டரின் வெள்ளி மடிப்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் முகமூடி போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட் ஸ்ப்ரேயை மெல்லிசாக இரண்டு முறை அடித்தேன். இதை விட்டுவிட்டால் சில மாதங்களில் பழையபடி மஞ்சள் ஏறிவிடும்.

கோணம் வைப்பதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பல்பு மாற்றினாலும் வண்டியில் வேறு எதைக் கழற்றி மாட்டினாலும் இதைப் பார்த்தே ஆக வேண்டும். டயரில் காற்று சரியாக வைத்து, உள்ளே ஹெட்லைட் உயரம் மாற்றும் சக்கரத்தை பூஜ்யத்தில் வைத்து, இரவில் ரேஷன் கடைச் சுவருக்கு நேராக, சமதரையில், விளக்கிலிருந்து சுவர் வரை சரியாக 5 மீட்டர் இருக்கும்படி வண்டியை நிறுத்தினேன். டிரைவர் சீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பதால் மச்சானை உட்காரவைத்தேன். தரையிலிருந்து பல்பின் நடு உயரம் 65 சென்டிமீட்டர் இருந்தது. டிம் வெளிச்சம் 10 மீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்பது கணக்கு. 5 மீட்டருக்கு 5. அதனால் சுவரில் 60 சென்டிமீட்டர் உயரத்தில் டேப் ஒட்டினேன். ஒரு விளக்கை அட்டையால் மறைத்துக்கொண்டு, மற்றதன் பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி, வெளிச்சத்தின் மேல்விளிம்பு டேப்பில் வந்து உட்காரும் வரை இறக்கினேன். வலது விளக்கு சுவரில் ஒரு சாணுக்கும் மேலே அடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் எதிரே வந்தவர்கள் கண்ணில் நான் அடித்துக்கொண்டு போயிருக்கிறேன் என்று நினைத்தபோது மனசு கஷ்டமாக இருந்தது. அந்த லாரிக்காரர் மேல் அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் மறுபடி அதே ரோட்டில் இரவில் போனோம். புளியமரங்களில் அடித்த கறுப்பு வெள்ளைப் பட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தூரத்திலேயே தெரிந்தது. இடது ஓரத்தில் கேரியரில் மூட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவரின் காலும் சக்கரமும் நன்றாக முன்பே தெரிந்து, வேகத்தைக் குறைத்து விலகிப் போனேன். செஞ்சி வரை எதிரே எத்தனையோ பஸ், லாரி. ஒருவரும் எனக்கு லைட் அடித்துக் காட்டவில்லை.