கண்ணாடியோடு சோதியுங்கள்

காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைத்திருக்கும் மூடிய வகை ஸ்டுடியோ ஹெட்ஃபோன், நல்ல விலை உள்ளது. மூன்று நாளாக இதே வேலையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 20 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டபோது பேஸ், அதாவது அடிநாதம், அவ்வளவு அழகாக இறங்கியது. அப்புறம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி கேட்டேன். கண்ணாடிக் காம்பு காது மெத்தையைத் துளி தூக்கியதுமே பேஸ் சட்டென்று மெலிந்துவிட்டது. இந்த வகையில் காதைச் சுற்றிக் காற்று கசியாமல் இருந்தால்தான் அடிநாதம் நிற்கும். கண்ணாடி அணிபவர்கள் அதோடே சோதித்து வாங்குங்கள்.

மைக் முன் பாடிப் பார்த்தேன், ஹெட்ஃபோனில் ஓடிய மெட்ரோனோம் (தாளத்தட்டு) சத்தம் பதிவில் துளியும் விழவில்லை. அதற்குத்தானே மூடிய வகை! ஆண் குரல் மட்டும் சற்றுக் கனக்கிறது. கிண்ணத்தின் உட்சுவரில் ஒலி மோதித் திரும்புவதால் இருக்கலாம். மிக்ஸிங்கில், அதாவது பதிவான ஒலிகளைச் சேர்த்துச் சமன் செய்யும்போது, குரலின் அந்தக் கனத்தைத் தேவையில்லாமல் குறைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.