ஊரைப் பத்தி எழுதணும்னா எதைப் பத்தி எழுதுறது?

மதுரையைப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னா உடனே ஒரு லிஸ்ட் வரும். ஜிகர்தண்டா, கறிதோசை, பன் பரோட்டா, மீனாட்சியம்மன் கோயில், மஹால். எல்லாமே எனக்கும் உசுருதான், ஆனா அது ரெண்டு நாள் சுத்திப் பார்க்க வர்றவங்களுக்கான மதுரை, அதை எழுத ஏற்கெனவே ஏகப்பட்ட பேர் இருக்காங்க, சென்னைலருந்து ட்ரெயின் ஏறி வந்து சாப்ட்டு வீடியோ எடுத்துட்டுப் போறவங்களே சூப்பரா எடுக்குறாங்க. இங்கயே குடியிருக்குறவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது என்னவோ அதைத்தான் நாம எழுதணும்.

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னா, சொந்தக்காரங்களும் ஃப்ரெண்ட்ஸும் போன் பண்ணி நம்மகிட்ட எதைக் கேக்குறாங்கன்னு கவனிங்க. எனக்கு வர்றதுல பாதி சுங்குடியைப் பத்தித்தான், அதாவது முடிச்சுப் போட்டு சாயம் ஏத்துற புள்ளி போட்ட மதுரை காட்டன் சேலை: "அக்கா, போட்டோ அனுப்பிருக்கேன், இது கட்டுன சுங்குடியா பிரிண்ட்டான்னு பாத்துச் சொல்லுங்க". அப்புறம் எதுக்கு வேற டாபிக் தேடணும்?

மதுரை சுங்குடிக்கு 2005லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, ஆனா இன்னைக்கு கடையில சுங்குடின்னு தொங்குறதுல பெரும்பாலும் பிரிண்ட்தான். பிரிண்ட் வாங்குறது தப்பே இல்லை, வெயிலுக்கு அதுவும் நல்ல காட்டன்தான், பிரிண்ட்டைக் கட்டுனதுன்னு சொல்லி விக்கிறதுதான் தப்பு. கட்டுற வேலை பரம்பரையா சௌராஷ்ட்ரா சமூகத்து வீடுகள்ல நடக்குறது. துணியை நகத்தால துளியூண்டு கிள்ளித் தூக்கி நூலைச் சுத்தி இறுக்கி முடிச்சுப் போடுவாங்க, ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்குல முடிச்சு, அப்புறம் சாயத்துல முக்கிக் காயவச்சு துணியை இழுத்தா முடிச்செல்லாம் படபடன்னு அவுந்து புள்ளி தெரியும். அதனால புள்ளி எதுவும் அச்சு எடுத்த மாதிரி இருக்காது, ஒண்ணு கொஞ்சம் பெருசு ஒண்ணு கொஞ்சம் கோணல், துணியும் அங்கங்க சுருங்கி நிக்கும், திருப்பிப் பார்த்தா பின்பக்கமும் அதே கலர் இருக்கும். போட்டோல இதெல்லாம் சரியா தெரியாது, கையில வாங்கி விரிச்சுத்தான் பார்க்கணும், உள்ளூர்க்காரங்க எழுதுறதுக்கு மதிப்பே அங்கதான்.

இவ்ளோ சின்ன டாபிக் எடுத்தா சீக்கிரம் தீந்துடுமேன்னு பலர் கேக்குறாங்க. எனக்கு அப்படித் தோணவே இல்லை. சேலையைப் பத்தி எழுதினா முதல் தண்ணில சாயம் போகாம எப்படி அலசுறது, கஞ்சி எவ்ளோ போடுறது, மாசி வீதி பக்கம் எந்த நேரம் போனா நிதானமா பார்க்கலாம், வண்டியை எங்க நிறுத்துறதுன்னு அது பாட்டுக்கு நீளுது. ஊர்ல வாழுறதுன்னா இதுதானே. கடைக்காரங்க சேலை ஓசியா தர்றேன்னு சொன்னா மட்டும் வாங்காதீங்க, காசு குடுத்து வாங்கி விலையையும் எழுதுங்க, அப்பத்தான் படிக்கிறவங்க நம்மளை நம்பி கடைக்குப் போவாங்க.

சேலைலருந்து தையல்காரங்களுக்குப் போறதுதான் என்னோட அடுத்த பிளான். மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிர்ல புதுமண்டபத்துல இருந்த தையல் கடைங்க இப்ப குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிடுச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேஷம் போட்டு தண்ணி பீய்ச்சுறவங்க உடுத்துற டிரெஸ், தொப்பி எல்லாம் அவங்க தைக்கிறதுதான், திருவிழா நெருங்கிட்டா அவங்களால நிமிர்ந்து பேசக்கூட முடியாது, அதனால கூட்டம் இல்லாத மாசமா பாத்துப் போயி உக்காந்து கேக்கணும்.