ஸ்டியரிங் டாம்பரை எவ்வளவு இறுக்கலாம்?

கல் தடத்தில் முன் சக்கரத்தின் ஓரத்தில் ஒரு கல் இடித்தால் ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பும். ஸ்டியரிங் டாம்பர் அந்தத் திருப்பத்தின் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். ஹேண்டிலை நேருக்குக் கொண்டுவருவது ஃபோர்க்கின் சாய்வும் டிரெயிலும் (ஸ்டியரிங் அச்சின் கோடு தரையைத் தொடும் இடத்துக்கும், அதற்குப் பின்னால் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம்).

ஆஃப்ரோடில் அதிகம் பார்ப்பது ஸ்காட்ஸ், ஜிபிஆர் போன்ற சுழல் வகை. எண்ணெய் நிரம்பிய அறைக்குள் ஒரு தகடு இருக்கும். ஹேண்டில் திரும்பினால் அது எண்ணெயைச் சின்னத் துளை வழியே தள்ளியாக வேண்டும். தண்ணீருக்குள் கையை மெல்ல நகர்த்தினால் தெரியாது, வீசினால் தடுக்கும், அதே கணக்கு. 2008 மாடல் ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் மோட்டோகிராஸ் வண்டியிலோ கம்பெனியே நீள சிலிண்டர் வகை டாம்பர் ஒன்றைப் பொருத்தி விற்றது.

டாம்பரின் தடை வேகத்தைப் பொறுத்தது என்பதால்தான், கோன் செட்டை (ஹேண்டில் தண்டு சுழலும் பேரிங்கை) இறுக்கி ஹேண்டில் ஆட்டத்தை நிறுத்தும் பழக்கம் தவறு. பல பட்டறைகளில் முதலில் செய்வது அதைத்தான். இறுக்கிய பேரிங் தருவது உராய்வு. மெல்லத் திருப்பினாலும் வேகமாகத் திருப்பினாலும் அது ஏறக்குறைய ஒரே அளவில் பிடிக்கும். ஒன்றிரண்டு டிகிரி திருத்தம் கொடுக்கும்போது ஹேண்டில் ஒட்டி, பிறகு சட்டென்று விடும். வண்டி மெதுவேகத்தில் பாம்பு போல நெளியும். சில மாதத்தில் பேரிங்கின் ரேஸில் (குண்டுகள் உருளும் வளையத்தில்) பள்ளம் விழுந்து, ஹேண்டில் நடுவில் 'டக்' என்று உட்காரும்.

டாம்பர் வாங்கும் முன் முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை விரலால் தட்டிப் பாருங்கள். இரு பக்கமும் தானாக விழ வேண்டும், நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லூஸ் தெரியக் கூடாது. அடுத்தது பின் சஸ்பென்ஷனின் சாக், அதாவது கனத்தில் அது இறங்கும் அளவு. ஆள் ஏறி உட்கார்ந்தால் மொத்த டிராவலில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரத்தில்) மூன்றில் ஒரு பங்கு இறங்க வேண்டும்: 300 மிமீ டிராவல் உள்ள எண்டூரோ வண்டிக்கு 100 மிமீ, 180 மிமீ உள்ள ஹிமாலயன் 411க்கு 60 மிமீ பக்கம். இதைவிடக் குறைவாக இறங்கினால் பின்புறம் உயர்ந்து, ஃபோர்க் நிமிர்ந்து, டிரெயில் குறையும். பிரேக் பிடிக்கும்போது ஹேண்டில் உதறும். ஃபோர்க் ரீபவுண்ட் (அமுங்கிய ஃபோர்க் திரும்ப நீளுவது) மிக மெதுவாக இருந்தாலும் இதே கதை, அடுத்தடுத்த குழிகளில் ஃபோர்க் மேலே வராமல் அமுங்கியே கிடக்கும். இந்தக் கோளாறுகளை டாம்பர் மூடி மறைக்கும், தீர்க்காது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியது, டாம்பரிலிருந்து நீளும் கையைப் பிடித்துக்கொண்டு ஃபிரேமில் நிற்கும் டவர் பின். பின்னுக்கும் டாம்பர் கைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், உதறல் பிறக்கும் அந்த நடுப்பகுதியில் டாம்பர் வேலையே செய்யாது. பிறகு இரு பக்கமும் முழு லாக் வரை திருப்புங்கள். ஃபிரேமின் ஸ்டாப்பர்தான் முதலில் இடிக்க வேண்டும். டாம்பர் கை முதலில் முட்டினால், வண்டி விழும் முதல் தடவையிலேயே உள்ளிருக்கும் தகடு போய்விடும். ஹேண்டிலுக்கு அடியில் வைக்கும் வகையில் ஹேண்டில் உயரும். கிளட்ச், ஆக்சிலரேட்டர் கேபிள்கள் முழு லாக்கில் இழுபடுகின்றனவா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

செட்டிங்கை முழுக்கத் தளர்த்திய நிலையில் தொடங்குங்கள். நடை வேகத்தில் எட்டு போடுங்கள். ஒவ்வொரு கிளிக்காக ஏற்றி, ஹேண்டில் கனப்பதாகத் தெரிந்ததும் இரண்டு கிளிக் குறையுங்கள். கல் தடத்துக்கு அதுதான் அடிப்படை. நடை வேகத்தில் வண்டியை நிமிர்த்தி வைப்பதே ஹேண்டிலின் சின்னச் சின்ன வேகத் திருத்தங்கள்தான். டாம்பர் அதைத் தடுத்தால் பாறை இடுக்கில் கால் ஊன்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ஆழமான சக்கரத் தடத்திலும் முன் சக்கரம் தன் வழியைத் தேடிப் போகாது. மணலில் மட்டும் நான்கைந்து கிளிக் கூட்டலாம், அங்கே சக்கரம் ஓயாமல் அலையும்.

அதிகம் இறுக்கினால் வேகத்திலும் ஆபத்து உண்டு. நொடிக்கு ஏழெட்டு தடவை வரும் ஹேண்டில் உதறலை டாம்பர் அடக்கும். ஆனால் நொடிக்கு இரண்டு மூன்று தடவை வண்டி முழுவதும் நெளியும் ஆட்டத்தை அதே டாம்பர் கூட்டிவிடக்கூடும். 1971இல் ஆர். எஸ். ஷார்ப் என்ற ஆய்வாளர் கணக்கிட்டுக் காட்டிய விஷயம் இது. பின்னால் கனமான பெட்டிகள் கட்டியவர்கள் இதை மறக்கவே கூடாது.

வாங்குவதானால், ஹை-ஸ்பீடு வால்வு (சட்டென்ற இடியைக் கவனிப்பது) தனியாக இருப்பதையும், நடுவை நோக்கித் திரும்பி வரும்போது தடுக்காததையும் பார்த்து வாங்குங்கள். ஸ்காட்ஸின் ஆஃப்ரோடு மாடல் அப்படித்தான். இடித்த சக்கரம் தடையின்றி நேருக்கு வர இது முக்கியம். நடுவை விட்டுப் போகும்போதும் திரும்பி வரும்போதும் ஒரே அளவு தடுக்கும் டாம்பரைக் காட்டுத் தடங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஸ்பிதி, லடாக் போகிறவர்களுக்கு ஒன்று: அதிகாலைக் குளிரில் எண்ணெய் கெட்டியாகும். முதல் நாள் மதியம் வைத்த செட்டிங் காலையில் கனக்கும். கிளம்பும்போது இரண்டு கிளிக் குறைத்து, வெயில் ஏறியதும் திரும்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.