குவாட் 303 ரிப்பேர்: மூணாவது வாரம்

நேத்து ராத்திரி ஒருவழியா இடது, வலது ரெண்டு சேனலும் பாடிருச்சு, மனசு நிறைஞ்சு போச்சுங்க.

303ங்கிறது குவாட் கம்பெனியோட 1967ல வந்த ஆம்ப், அதாவது பாட்டு சிக்னலைப் பெரிசாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புற பெட்டி, சேனலுக்கு 45 வாட். மூடியைக் கழட்டினதும் கண்ணுல படுறது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற பெரிய பெரிய கண்டென்சருங்கதான். அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, உள்ள காஞ்சிருக்கும்னு எல்லாத்தையும் மாத்திட்டேன், முதல் வாரம் அதுக்கே சரியாப் போச்சு.

ரெண்டாவது வாரம்தான் தப்பு பண்ணிட்டேன். சப்ளையை 67 வோல்ட்டுக்கு செட் பண்ணிட்டு, அவுட்புட் நடுப்புள்ளி அதுல பாதிக்கு வருதான்னு பாக்குறப்ப மீட்டர் முனை வழுக்கி பக்கத்துல இருந்த பார்ட்டோட கம்பிக் கால்ல பட்டு, பாதுகாப்புக்குன்னு கரண்ட் வர்ற வழியில மாட்டியிருந்த சீரிஸ் பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு, ஒரு டிரான்சிஸ்டர் போயிருச்சு. ஆனா ஸ்பீக்கருக்கு ஒண்ணும் ஆகல! அவுட்புட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல ஒரு பெரிய கண்டென்சர் நிக்குது, அது பாட்டு சிக்னலை மட்டும் விட்டுட்டு, ஸ்பீக்கரைக் கெடுக்கிற டிசியை (ஒரே திசையில ஓடுற மின்சாரத்தை) தடுத்துரும். இப்ப வர்ற ஆம்ப் பெரும்பாலானதுல அது கிடையாது, ஸ்பீக்கரைக் காப்பாத்தத் தனியா ரிலே (தானா இணைப்பைத் துண்டிக்கிற சுவிட்ச்) சர்க்யூட் வைக்கிறாங்க.

புது டிரான்சிஸ்டர் வர்ற வரைக்கும் கம்பெனி கதையைத் தேடிப் படிச்சேன். பீட்டர் வாக்கர் 1936ல லண்டன்ல ஆரம்பிச்சது, அப்ப பேரு அக்கூஸ்டிகல் மேனுஃபேக்சரிங் கம்பெனி. போர்ல குண்டு விழுந்ததும் 1941ல ஹண்டிங்டனுக்கு மாறிட்டாங்க. குவாட்ங்கிறது மொதல்ல கம்பெனி பேரே இல்ல, குவாலிட்டி யூனிட் ஆம்ப்ளிஃபையர் டொமஸ்டிக்ங்கிறதோட சுருக்கம். 1953ல கேடி66ங்கிற கண்ணாடிக் குழாய் வால்வு போட்ட குவாட் 2 ஆம்ப், 1957ல எலக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர். அந்த ஸ்பீக்கர்ல கோனும் கிடையாது காந்தமும் கிடையாது, மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஃபிலிம் மின்புலத்துல அசைஞ்சு பாடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவங்க பொறுமை. அடுத்த ஸ்பீக்கர் இஎஸ்எல்-63, வேலை தொடங்கினது 1963ல, கடைக்கு வந்தது 1981ல. சரியா வராம வெளிய விட மாட்டாங்க, வந்துட்டா லேசுல மாத்தவும் மாட்டாங்க, இந்த 303ஐயே 1985 வரைக்கும் செஞ்சிருக்காங்க. அதனாலதான் ஒரு போர்டைப் புரிஞ்சுக்கிட்டா போதும், அடுத்த 303ல கை தானாப் போகுது.

இப்ப நடுப்புள்ளி இடது பக்கம் 33.4, வலது 33.6 வோல்ட். அடுத்து இதோட ஜோடியான குவாட் 33 ப்ரீஆம்ப், அதாவது சிக்னல் ஆம்புக்குப் போறதுக்கு முன்னாடி வந்து சேருற பெட்டி. அதுல ரெக்கார்டு ப்ளேயருக்குன்னு ஒரு சின்ன கார்டு இருக்கு, உருவித் திருப்பிச் சொருகினா வேற காட்ரிட்ஜுக்கு (ரெக்கார்டு மேல ஓடுற ஊசி இருக்கிற பகுதிக்கு) செட் ஆயிரும். காண்டாக்ட் கறுத்துக் கிடக்கு, நாளைக்கு ஆல்கஹால் வச்சுத் தொடைக்கணும்.